கொள்ளை நோயும் கலாசாலைப் பந்தாட்டமும்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி, அமெரிக்காவில் சாபெல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா சர்வகலாசாலையில் வகுப்புகள் தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. அதற்குள் மாணவர் விடுதிகளில் கோவிட் நோய் பரவிவிட்டது. பட்ட வகுப்புகள் இனி நேரில் நடைபெறா என்றும், மாணவர்கள் கணினி வாயிலாகவே பாடம் கேட்கவேண்டும் என்றும் நிர்வாகிகள் அன்று உத்தரவு பிறப்பித்தனர். ஆனால் பந்தாட்டக் கோஷ்டி ஊரை விட்டுப் போகவில்லை. செப்டம்பர் 12-ந் தேதி அதே ஊர் மைதானத்தில் அக்கோஷ்டி ஸிரக்யூஸ் கோஷ்டியை எதிர்த்து ஆடி வெற்றியும் பெற்றது. பாடம் கேட்பதற்கு அபாயமான இடம், பந்தாடுவதற்கு மட்டும் க்ஷேமமான இடமானது எங்ஙனம்? இக்கேள்வியை விடாமல் பற்றிச் சென்றால், அந்நாட்டுக் கலாசாலைப் பந்தாட்ட உலகம் அடுத்த நான்கு ஆண்டுகளில் தலைகீழாக மாறிய வரலாறு முழுவதும் விளங்கும்.

'புட்பால்' என்றதும் நம் நேயர்கள் காலால் உதைக்கும் உருண்டைப் பந்தையே நினைப்பர். இஃது அதுவன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை மோதிக் கீழே தள்ளியும் ஆடும் முரட்டு ஆட்டம். கலாசாலைக் கோஷ்டிகள் ஆடும் மைதானங்கள் சில ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடியவை. பல மாகாணங்களில் அரசாங்கச் சம்பளம் பெறுவோர் அனைவரிலும் அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்லர். பந்தாட்டம் பயிற்றுவிக்கும் ஆசானே. ஆடும் வாலிபர்களுக்கோ நெடுங்காலம் உபகாரச் சம்பளமும் உணவும் உறைவிடமுமே கிடைத்துவந்தன. அவர்கள் 'மாணவர்கள்', ஆட்டம் 'பொழுதுபோக்கு', ஆதலால் கூலி கேட்பது தகாது என்பது அங்குள்ள சாஸ்திரம்.

இக்கலாசாலைகள் தனித்தனியே ஆடுவதில்லை. அண்டை அயலிலுள்ளவை சேர்ந்து கூட்டணிகள் அமைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் தமக்குள் ஆடிவந்தன. 1896-இல் மத்திய மேற்குப் பிரதேசத்தில் தோன்றிய 'பெரும் பத்து' அவற்றுள் பழமையானது. 1915-இல் போர்ட்லண்டு நகரில் நான்கு கலாசாலைகள் கூடி அமைத்த பசிபிக் கரைக் கூட்டணியே பிற்காலத்தில் 'பசிபிக் பன்னிரண்டு' ஆயிற்று. 1932-இல் தென்கிழக்குக் கூட்டணி பிறந்தது. ரெயிலில் ஓரிரவு பிரயாணம் செய்து, ஆடி, திரும்பிவந்து மறுபடி வகுப்பில் உட்காரக்கூடிய தூரம் என்பதே இவற்றின் ஆதாரமான ஏற்பாடு. அண்டை வீட்டானோடுதான் பங்காளிப் போட்டி சுவைக்கும் என்பதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் ஆப்பு அடித்தது சுப்ரீம் கோர்ட்டின் 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதுவரை எந்த ஆட்டத்தை டெலிவிஷனில் காட்டலாம், எத்தனை முறை காட்டலாம் என்பதைத் தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கமே தீர்மானித்துவந்தது. ஓக்லஹாமா, ஜார்ஜியா சர்வகலாசாலைகள் இதை எதிர்த்து வழக்காடின. நீதிபதிகள் எழுவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். மறுத்தவர்களுள் ஒருவரான பைரன் ஒயிட், வாலிபத்தில் கொலராடோ சர்வகலாசாலைக் கோஷ்டியில் ஆடிப் புகழ் பெற்றவர். கலாசாலை விளையாட்டை வெறும் வியாபாரமாகக் கருதித் தீர்ப்புச் சொல்வது பிழை என்பது அவர் கட்சி. அன்று அவருடைய குரல் எடுபடவில்லை. அது முதல் ஆட்டத்தை விற்கும் உரிமை கலாசாலைகளிடமும், அவற்றின் கூட்டணிகளிடமும் வந்து சேர்ந்தது. யாரிடம் அதிகப் பார்வையாளர் உளரோ அவருக்கே அதிக விலை என்றாயிற்று.

நோயினால் பந்தாட்டம் தடைப்பட்டது 2020-இல்தான் முதன்முறை என்று எண்ணவேண்டாம். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷ ஜுரத்தின்போதும் எத்தனையோ ஆட்டங்கள் ரத்தாயின. பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய நியூட் ராக்னி, நாட்டர் டேம் கலாசாலையில் தலைமை ஆசானாக அமர்ந்த முதல் ஆண்டு அது. அவருடைய கோஷ்டி ஆறு ஆட்டங்களே ஆட முடிந்தது. ஆயினும் அதனால் எக்கூட்டணியும் சிதையவில்லை. கலாசாலைப் பந்தாட்டம் ரேடியோவில் முதன்முதல் ஒலிபரப்பானதே 1921-இல்தான். ஆட்டம் நின்றால் நுழைவுச்சீட்டுப் பணம் போகும், அவ்வளவே. நூறு ஆண்டு கழித்து நோய் திரும்பி வந்தபோதோ, ஆட்டம் நின்றால் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்கள் நிற்கும் என்ற நிலைமை ஏற்பட்டிருந்தது.

2020 ஆகஸ்டு 11-ந் தேதி பெரும் பத்தும் பசிபிக் பன்னிரண்டும் அவ்வாண்டு இலையுதிர்கால ஆட்டங்களை ஒத்திவைத்தன. பெரும் பத்தின் தலைவர்களில் 11 பேர் ஒத்திவைக்கச் சம்மதித்தனர்; ஓஹையோ, நெப்ராஸ்கா, ஐயோவா ஆகிய மூவர் எதிர்த்தனர். இவ்வெண்ணிக்கையும் தானாக வெளிவரவில்லை; நெப்ராஸ்கா கோஷ்டியின் ஆட்டக்காரர் எண்மர் வழக்குத் தொடுத்த பிறகே தெரியவந்தது. தென்கிழக்குக் கூட்டணியும், அட்லாண்டிக் கரைக் கூட்டணியும், 'பெரும் பன்னிரண்டு'ம் ஆடியே தீர்வதென்றன. அண்டைக் கூட்டணி ஆடும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா என்ற கூக்குரல் எழுந்தது. ஜனாதிபதி டிரம்ப் தாமே பெரும் பத்தின் கமிஷனருடன் டெலிபோனில் பேசினார். செப்டம்பர் 16-ந் தேதி பெரும் பத்து தன் தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. தினந்தோறும் பரிசோதனை செய்யும் வசதி கிட்டிவிட்டது என்று காரணம் கூறப்பட்டது. அக்காரணம் மெய்யே. ஆயினும் அதே ஊர்களில் ஆசிரியர்களுக்கும் மற்ற மாணவர்களுக்கும் தினப் பரிசோதனை கிட்டவில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்கவேண்டும்.

1887 முதல் எக்கூட்டணியிலும் சேராமல் சுயேச்சையாகவே பந்தாடிவந்த நாட்டர் டேம் கலாசாலையும் அவ்வாண்டு அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் தஞ்சம் புகுந்தது. தன் டெலிவிஷன் வருமானத்தை மற்றவர்களுடன் சமமாகப் பகிர்ந்துகொள்ளவும் இசைந்தது. ஓராண்டு கழிந்ததும் பழையபடி சுயேச்சையாயிற்று. 1942-இல் யுத்தத்தை முன்னிட்டுப் பாஸடீனா நகரை விட்டு இடம் மாறிய புகழ்பெற்ற 'ரோஸ் பௌல்' ஆட்டம், 2021 ஜனவரி 1-ந் தேதி மறுபடியும் இடம் மாறி டெக்ஸாஸில் நடந்தது. அப்பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ரத்தாகியோ தள்ளிப்போயோ போயின. எப்படியோ ஜனவரி 11-ந் தேதி அலபாமா கோஷ்டி ஓஹையோ கோஷ்டியை 52-க்கு 24 என்று வென்று, பருவம் முடிந்தது.

இதனிடையே ஆட்டக்காரர்கள் வாய் மூடி இருந்தார்களா? இல்லை. 2020 ஆகஸ்டு 2-ந் தேதி பசிபிக் பன்னிரண்டின் ஆட்டக்காரர் பலர் ஒன்றுகூடிப் பகிரங்க அறிக்கை ஒன்று வெளியிட்டனர். நோயிலிருந்து தக்க பாதுகாப்பு வேண்டும். ஆட மறுப்பவரின் உபகாரச் சம்பளத்தைப் பறிக்கக்கூடாது. வருமானத்தில் பாதி ஆடுபவர்களுக்கு வேண்டும். கறுப்பு இனத்தாருக்கு நியாயம் வேண்டும். இல்லையேல் பகிஷ்காரம் என்றனர். ஒரு வாரம் கழித்து வேறு பல ஆட்டக்காரர்கள், 'நாங்கள் ஆடவே விரும்புகிறோம், ஆயினும் எங்களைக் கலந்து முடிவு செய்யுங்கள்' என்று குரல் எழுப்பினர். இரு கட்சியாரும் கேட்டது ஒன்றே: தம் உடலைப் பணயம் வைக்கும் காரியத்தில் தமக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்பது. அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

நிர்வாகிகளோ தம்மிடம் பணமில்லை என்று அழுதனர். செல்வத்தில் குறைவற்ற ஸ்டான்போர்டு சர்வகலாசாலை 2020 ஜூலையில், தன் 36 விளையாட்டுகளில் 11-ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 2021 மே மாதத்தில் அத்தீர்மானத்தைக் கைவிட்டது. ஐயோவாவும் நான்கு விளையாட்டுகளைக் கைவிடுவதாகக் கூறிற்று. இங்ஙனம் நீச்சல்காரரும் மல்யுத்தக்காரரும் வீட்டுக்குப் போகும்படி சொல்லப்பட்ட அதே ஆண்டு டிசம்பரில், தென்கிழக்குக் கூட்டணி இ.எஸ்.பி.என். டெலிவிஷன் கம்பெனியுடன் 10 ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. கொள்ளை நோய் தர்பார் நடத்திய காலத்தில் கிடைத்த தொகை இது.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 2021 ஜூன் 21-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஆட்டக்காரர்களுக்குச் சாதகமாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது; கல்வி சம்பந்தமான உதவிகளுக்கு விளையாட்டுச் சங்கம் வரம்பு கட்டுவது சட்டவிரோதம் என்றது. ஜூலை முதல் தேதியிலிருந்து ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்றாயிற்று. கூலி கொடுக்கும் காலம் வருகிறது என்பது முதலாளிகளுக்கு விளங்கிவிட்டது. ஜூலை 21-ந் தேதி, டெக்ஸாஸும் ஓக்லஹாமாவும் பெரும் பன்னிரண்டை விட்டுத் தென்கிழக்குக் கூட்டணியில் சேர முயல்கின்றன என்ற செய்தி வெளியாயிற்று. பத்தே நாளில் அழைப்பும் சம்மதமும் முடிந்தன. டெக்ஸாஸின் ஆதிக்கம் பொறாமல் 2012-இல் அங்கு ஓடிவந்த டெக்ஸாஸ் ஏ அண்டு எம் கலாசாலையும், சிறிது முனகிவிட்டுக் கை தூக்கிற்று. டெலிவிஷன் கம்பெனியே பின்னாலிருந்து தூண்டுகிறது என்று பெரும் பன்னிரண்டின் கமிஷனர் வக்கீல் பாணியில் நோட்டீஸ் கொடுத்தார்; கம்பெனி மறுத்தது. 1984-இல் வழக்காடி வென்ற ஓக்லஹாமாவே இதிலும் முன்னணியில் நின்றது.

இதைக் கண்டு நடுங்கிய பெரும் பத்தும், அட்லாண்டிக் கரைக் கூட்டணியும், பசிபிக் பன்னிரண்டும் 2021 ஆகஸ்டு 24-ந் தேதி ஓர் ஐக்கிய அணி அமைத்திருப்பதாகப் பறைசாற்றின. எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஏதேனும் உண்டா என்று நிருபர்கள் கேட்டனர். இல்லை, பரஸ்பர நம்பிக்கையே போதும் என்று பதில் வந்தது. பத்து மாதங்கள் கழிந்தன. 2022 ஜூன் 30-ந் தேதி அதே பெரும் பத்து, அதே பசிபிக் நண்பனிடமிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரண்டு பெரிய கலாசாலைகளையும் கவர்ந்துகொண்டது! ஆகஸ்டில் மூன்று டெலிவிஷன் கம்பெனிகள் அதற்கு ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் தர இசைந்தன. பசிபிக் கூட்டணியும் பரிதாபத்துக்கு மட்டும் உரியதன்று. 2021 ஆகஸ்டில், சிதறிக்கிடந்த பெரும் பன்னிரண்டின் எஞ்சிய கலாசாலைகளைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பிருந்தும், நமக்கு விஸ்தரிப்பு வேண்டாம் என்று கதவைச் சாத்தியது அதுவே. பெரும் பன்னிரண்டு வேறு நான்கு கலாசாலைகளை அழைத்துப் பிழைத்துக்கொண்டது. இரண்டாண்டுக்குப் பின் அது பசிபிக் கூட்டணியிலிருந்தே நால்வரைக் கொண்டுபோயிற்று. 2023 ஜூலையில் அங்ஙனம் முதலில் வெளியேறியது, நீதிபதி ஒயிட் ஆடிய கொலராடோ.

2023 ஆகஸ்டு 4-ந் தேதி ஒரே நாளில் ஐந்து கலாசாலைகள் விலகின. செப்டம்பரில் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் இடம் பிடித்தன. அதுவும் ஆரம்பத்தில் டெலிவிஷன் வருமானத்தில் சுமார் 30 சதவீதப் பங்குக்கே. பசிபிக் கரையில் நிற்பவர்கள் தம்மை அட்லாண்டிக் கரையார் என்று சொல்லிக்கொள்ளும் விந்தை உலகில் வேறெங்கும் உண்டோ அறியோம். பெரும் பத்தில் இன்று 18 கலாசாலைகள். பெரும் பன்னிரண்டில் 16. கணக்கு வாத்தியார்களைக் கலாசாலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் போலும்.

இதற்கெல்லாம் நோயே காரணம், கடன் தீரவேண்டாமா என்று சிலர் சமாதானம் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையின் விளையாட்டு இலாகாவுக்கு நோய்க்காலத்து நஷ்டத்தையும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை ஏறியிருந்தது. கூட்டணி மாறினால்தான் சிறு விளையாட்டுகளைக் காப்பாற்றலாம் என்று அதன் தலைவர் வாதித்தார். ஆனால் நெப்ராஸ்காவும் டெக்ஸாஸ் ஏ அண்டு எம்மும் கூட்டணி மாறியது நோய் வருவதற்கு எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அல்லவா? நோய் இந்த ஆசையை உண்டாக்கவில்லை. மூடிவைத்திருந்த கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டிற்று. காப்பாற்றப்படுவதாகச் சொல்லப்பட்ட சிறு விளையாட்டுக்காரர்களின் நிலைமை என்ன? வாலிபால் ஆடும் பெண்கள், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 2,400 மைலுக்கு அப்பாலுள்ள நியூ ஜெர்சிக்கு ஆடப் போகவேண்டும். பந்தாட்டக்காரன் வாரம் ஒருமுறை ஆடுபவன். இவர்களுக்கோ வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டங்கள். பாடம் எப்போது கேட்பது என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் கூறவில்லை.

ஓக்லஹாமாவும் அதன் அண்டையிலுள்ள ஓக்லஹாமா ஸ்டேட்டும் 1910 முதல் இடைவிடாமல் ஆடிவந்த பங்காளி ஆட்டம் 2023 நவம்பர் 4-ந் தேதியோடு நின்றது. ஆடுபவர்களுக்கு ஒரு பலன் கிட்டியது என்பதை மறுக்கலாகாது: 2025 ஜூன் 6-ந் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த சமரசத்தின்படி, கலாசாலைகள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரே பணம் தரலாம். முதலாண்டு வரம்பு ஒவ்வொரு கலாசாலைக்கும் சுமார் 2 கோடி 5 லட்சம் டாலர். ஆனால் அது கூட்டணிகள் மனமுவந்து கொடுத்ததன்று. கோர்ட்டில் நின்று பெற்றது.

பசிபிக் கூட்டணியில் கடைசியாக எஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். கார்வாலிஸ், புல்மன் என்ற சிறிய ஊர்களிலுள்ள அவற்றுக்கு டெலிவிஷன் சந்தையில் விலை இல்லை. 1915-இல் கூட்டணியை நிறுவிய நால்வருள் ஆரிகன் ஸ்டேட் ஒன்று. மற்ற மூவரும் போய்விட்டனர். கூட்டணியின் நிர்வாகமும் கஜானாவும் எங்களுக்கே உரியவை என்று இரண்டும் கோர்ட்டுக்குச் சென்று 2023 முடிவில் வென்றன. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் இருவர் மட்டுமே அடங்கிய கூட்டணியாக நின்றன; 2024-ஆம் ஆண்டுக்கு மலை மேற்குக் கூட்டணியுடன் ஒப்பந்தம் செய்து ஆட்டங்களைத் தேடிக்கொண்டன. அவ்வொப்பந்தத்தில், அக்கூட்டணியின் உறுப்பினர்களைக் கவர்ந்தால் அபராதம் கட்டவேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. 2024 செப்டம்பரில் இவ்விருவரும் பாய்ஸீ ஸ்டேட் முதலிய ஐந்து கலாசாலைகளை அக்கூட்டணியிலிருந்தே அழைத்துக்கொண்டனர். அபராத ஷரத்து செல்லாது என்று அதே மாதம் வழக்கும் தொடுத்தனர்.