சர்க்கரை உள்ள பிள்ளை நர்ஸ் ஆகலாமா?



கல்வி உதவி கேட்டு வரும் குடும்பங்களில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகு சில தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பிள்ளைக்குச் சுகர் இருக்கு. வெளியே யாருக்கும் தெரியாது. நைட் டியூட்டி எல்லாம் பார்க்கணுமே, இந்தப் படிப்பு சரிப்படுமா? வெளிநாட்டுப் பரீட்சை எழுத முடியுமா?"

சரிப்படும். எழுதவும் முடியும். ஊசி போட்டுக்கொண்டே வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால், நோயை மறைத்து வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்பது மட்டும் சரிப்படாது. ஏன் என்பதையும், படிப்பு முதல் பணி வரை என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

முதலில், எந்தச் சர்க்கரை?

முதல் வகை பெரும்பாலும் சிறு வயதிலோ இளமையிலோ வருகிறது. உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுவதால், ஊசியோ பம்போ இல்லாமல் வாழ முடியாது. சாப்பிடாத நாளிலும், காய்ச்சல் வந்த நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இரண்டாம் வகை நம் வீடுகளில் அதிகம் காண்பது. உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை, தேவைப்பட்டால் இன்சுலின் என்று போகும். மாத்திரைகளிலும் வேறுபாடு உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பிடுபவர் வேளை தப்பினால் தாழ்சர்க்கரை வரலாம். தான் சாப்பிடும் மாத்திரை எந்த இனம் என்று தெரியாமல் ஒரு நர்ஸ் இரவுப் பணிக்குப் போகக் கூடாது.

உரிமம் எப்படிக் கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோவோ, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ முடித்தவர், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண்தான் பணி செய்யும் உரிமை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்து வர வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்குப் போக இந்தப் பதிவோடு அனுபவச் சான்றும் கேட்பார்கள். சான்றிதழ்கள் உண்மையா என்று படித்த கல்லூரியிலும் வேலை பார்த்த மருத்துவமனையிலும் நேரடியாக விசாரிப்பார்கள். டேட்டாஃப்ளோ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பொய் அனுபவச் சான்று வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுத்தால் பணமும் போகும், எதிர்காலமும் போகும். பிறகு கணினியில் கொள்குறி வினாத் தேர்வு. பிராமெட்ரிக் மையங்களில் நடப்பதால் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். துபாய், சவூதி என ஒவ்வொன்றுக்கும் விதிமுறை வேறு.

அமெரிக்கா, கனடா போக என்க்ளெக்ஸ் தேர்வு. குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். நேரம் 5 மணி. நாம் சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறிக்கொண்டே போகும். 2023 ஏப்ரல் முதல், ஒரு நோயாளியின் நிலையைக் கொடுத்து "இப்போது என்ன செய்வாய், எதை முதலில் செய்வாய்" என்று முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் கேள்விகள் கூடியுள்ளன.

வெளிநாட்டு வேலைக்குத் தரகர்களை நம்புமுன், 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிடுங்கள். வேலைக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையும் பார்க்கப்படும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை அங்கே தடையாகிவிடும். ஆகவே தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் சீராக்க வேண்டும். பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பது இலக்கு. உங்கள் பிள்ளைக்கு எது என்பதை மருத்துவர் சொல்வார்.

படிக்கும் மாதங்களில்

பரீட்சைக் கவலையே சர்க்கரையை ஏற்றும். அதோடு இரவு விழிப்பு, சீனி போட்ட டீ, பிஸ்கட், மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எல்லாம் சேரும். 50 நிமிடம் படித்தால் 10 நிமிடம் எழுந்து நடப்பது நல்ல வழக்கம். சாப்பாட்டு நேரத்தைப் படிப்புக்காகத் தள்ளிப் போட வேண்டாம்.

படித்தது மண்டையில் ஏறவில்லை, எரிச்சல் வருகிறது, எழுத்து மங்குகிறது என்றால் "எனக்கு அறிவு போதாது" என்று பிள்ளைகள் அழுதுவிடுகிறார்கள். முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் மூளை ஒத்துழைக்காது. மிக ஏறினாலும் அப்படித்தான்.

தன் நோயே ஒரு பாடம்

உரிமத் தேர்வுகளில் சர்க்கரை நோய் தவறாமல் எதிர்பார்க்க வேண்டிய பகுதி. விரைவு இன்சுலின் சுமார் 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். சாதா இன்சுலின் அரை மணியில். கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலின் உச்சம் இல்லாமல் ஒரு நாள் முழுதும் வேலை செய்யும். சாதாவையும் கலங்கலான என்.பி.ஹெச். இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் எடுத்தால் தெளிந்ததை முதலில் எடுக்க வேண்டும். இவற்றைத் தினமும் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது மனப்பாடம் அல்ல, வாழ்க்கை.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. "எனக்குக் கை நடுங்கினால் ஒரு சாக்லேட் சாப்பிடுவேன், சரியாகிவிடும்" என்ற பழக்கத்தைத் தேர்வில் எழுதினால் தவறு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சரியான முறை: நினைவு உள்ளவருக்கு 15 கிராம் அளவு உடனே சேரும் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீரோ அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலான பழச்சாறோ கொடுக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும், ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். நம் ஊரில் விற்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பல வெளிநாடுகளில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடிச் சிரிஞ்சில், அங்கே வாங்கிய 100 யூனிட் இன்சுலினை 20 கோடு வரை எடுத்தால், உடலில் ஏறுவது 20 அல்ல, 50 யூனிட். இது உயிர் போகும் தவறு. தனக்குப் போட்டாலும் நோயாளிக்குப் போட்டாலும் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் இங்கிருந்தே வர வேண்டும்.

தேர்வு நாளில்

குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் மாத்திரை, உடலில் பொருத்திய பம்ப், கையில் ஒட்டிய சென்சார் ஆகியவை பற்றித் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மருத்துவர் கடிதம் தேவைப்படலாம். சென்சார் அளவைக் கைப்பேசியில்தான் பார்க்கிறோம் என்றால், கைப்பேசி தேர்வறைக்குள் போகாது என்பதை மறக்க வேண்டாம். வாசலில் போய் நின்றுகொண்டு கேட்டால் யாரும் உதவ முடியாது.

அன்று புது உணவு வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதையே, வழக்கமான நேரத்தில் சாப்பிடட்டும். தாழ்சர்க்கரைக்குப் பயந்து ஊசியைத் தவிர்ப்பதும் தவறு. உள்ளே போகுமுன் ஒருமுறை சோதிக்க வேண்டும். என்க்ளெக்ஸில் 2 மணி நேரம் கழித்தும், மூன்றரை மணி நேரம் கழித்தும் இடைவேளை எடுக்கலாம். அப்போதும் கடிகாரம் ஓடும் என்பதால் பலர் எழுந்திருப்பதில்லை. சர்க்கரை உள்ள பிள்ளை கட்டாயம் எழுந்து, சோதித்து, தேவையானதைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஐந்து நிமிடம் போனாலும் மீதி நேரம் தெளிவாகக் கிடைக்கும்.

பணியில்

மறைக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இரவு மூன்று மணி. வார்டில் ஒரே நர்ஸ். மருந்து அளந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை இறங்குகிறது. அந்த நேரத்தில் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, கட்டிலில் கிடப்பவருக்கும்தான். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வார்டு பொறுப்பாளருக்கும், உடன் பணியாற்றும் ஒருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். வியர்த்து, கை நடுங்கினால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவரை அழைத்து வேலையை ஒப்படைத்து, முதலில் சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இரவுப் பணிக்குப் போகுமுன் முழுச் சாப்பாடு, நள்ளிரவில் சிறு உணவு. பணி தொடங்கும்போதும், நடுவிலும், விடியுமுன்னும் சோதனை. ஸ்கூட்டியை எடுக்குமுன் இன்னொரு சோதனை. நீண்ட நேர இன்சுலினைப் பணி மாறினாலும் அதே கடிகார நேரத்தில் போடுவதே பொதுவான முறை. சாப்பாட்டு இன்சுலின் சாப்பாட்டோடு போகும். காலை இரவு என்று போடும் கலவை இன்சுலின் இரவுப் பணிக்கு அவ்வளவாக ஒத்துவராது. பணி அட்டவணையை மருத்துவரிடம் காட்டி, தேவையானால் மாற்றித் தரச் சொல்லுங்கள். தாமாக மாற்ற வேண்டாம்.

நாள் முழுதும் நிற்பவருக்குக் கால் முக்கியம். விரல்களை இறுக்காத செருப்பு, பருத்திக் காலுறை, வீடு திரும்பியதும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது ஆகியவற்றை விடக் கூடாது. விரல் குத்தும் பேனாவை, ஊசி மாற்றினாலும்கூட, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

ரமலானில்

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனாலும் வெட்கத்தாலோ ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியோ சொல்லாமல் நோன்பு வைக்கும் பிள்ளைகள் உண்டு. 13 நாடுகளில் 2001இல் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வில், ரமலானில் கடுமையான தாழ்சர்க்கரை முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியது தெரியவந்தது.

ஆகவே ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். வைப்பவர் ஸஹரைத் தாமதித்துச் சாப்பிடுவது நல்லது. விரல் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றே உலமாக்கள் விளக்கியுள்ளனர். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும், நோன்பைத் திறந்துவிட வேண்டும். விட்டதற்குக் களாவா, ஃபித்யாவா என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

பெண்ணைப் பெற்றவர்களின் அச்சம் எங்களுக்குத் தெரியும். "வெளியே தெரிந்தால் யார் நிக்காஹ் பேசுவார்கள்?" என்பதுதான் அது. ஆனால் மறைக்கச் சொல்லப்பட்ட பிள்ளை விடுதியில் அறைத்தோழிகள் முன் ஊசி போடத் தயங்கும். ஒருவேளை தவறும், இருவேளை தவறும். நிக்காஹுக்குப் பின் மாமியார் வீட்டுக் குளிர்பெட்டியில் இன்சுலினை வைக்க முடியாமல் அல்லாடும். முன்பே சொல்லிச் செய்யும் சம்பந்தத்தில் பிறகு சண்டை வராது.

திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள்; உறைபெட்டியில் வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். இரவுப் பணி முடித்து வந்த பிள்ளையைச் சாப்பிட வைத்துத் தூங்க விடுங்கள். விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எழுப்பாதீர்கள். சோதனைப் பட்டைகளுக்கு ஆகும் செலவையும் படிப்புச் செலவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உதவி கேட்டு வரும்போது அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அகழ்ப்போரின்போது மதீனாவின் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி). ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது அந்தக் கூடாரத்தில்தான் வைத்துப் பார்க்கப்பட்டார்கள். அந்தப் பணிக்கு நம் பிள்ளைகள் வர விரும்பினால், சர்க்கரையைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள். நோயின் கணக்கை அன்றாடம் சரியாக வைத்துக்கொள்ளும் பிள்ளை, நோயாளியின் கணக்கையும் சரியாகப் பார்க்கும், இன்ஷா அல்லாஹ்.