குலுக்கத்தைச் சூடாக்கும் குழாய்

2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் அதைக் கடக்க 29 வினாடி போதும். அவ்வளவு நேரமும் நான்கு சக்கரங்களையும் ரோட்டோடு ஒட்டி வைத்திருப்பது எது? ஸ்பிரிங் என்றுதான் பலர் சொல்வார்கள். ஆனால் ஸ்பிரிங் அமுங்கும்போது வாங்கிய சக்தியை விரியும்போது திருப்பிக் கொடுத்துவிடும். அதை மட்டும் நம்பினால், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி வினாடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலாக ஆடிக்கொண்டே போகும். சக்கரமோ வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துள்ளும். ரோட்டைத் தொடாத டயருக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்?

அந்தச் சக்தியைச் செலவழிப்பது சொக் அப்சோபர். ஒயில் நிறைந்த குழாய், அதற்குள் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் சிறு துளைகளும் மெல்லிய வால்வுகளும் கொண்ட பிஸ்டன். சக்கரம் துள்ளும் ஒவ்வொரு முறையும் ஒயில் அந்தத் துளைகளுக்குள்ளால் நெருக்கியடித்துப் போக வேண்டும். மெல்லத் தள்ளினால் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும். இந்த இழுபறியில் குலுக்கம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. மூதூரிலிருந்து திருகோணமலை வரும் வழியில் சக்கரம் விழுந்த பள்ளமெல்லாம் இப்படி வெப்பமாகிவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். கரடுமுரடான ரோட்டில் ஓடி வந்து நிறுத்தியதும், ஒரே அச்சிலுள்ள இரண்டு சொக்குகளில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். கையைச் சுட்டுக்கொள்ளாமல் பாருங்கள்.

ஓயாமல் கடைந்தால் ஒயில் நுரைக்கும். நுரைக்கு எதிர்க்கும் வலு கிடையாது. நுரையை அடக்கத்தான் பல சொக்குகளில் நைதரசன் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள்.

ஸ்பிரிங்கையும் சொக்கையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணோடு சக்கரத்தையும் திரும்பவைத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மக்ஃபர்சன். அவர் 1940களில் வடிவமைத்த அந்த ஸ்ட்ரட்தான் நம் ஊரில் ஓடும் ஓல்டோ, வகன்ஆர் கார்களின் முன்பக்கத்தில் இருக்கிறது. சக்கரம் அதோடு சேர்ந்தே திரும்புவதால், ஸ்ட்ரட்டை மாற்றினால் வீல் அலைன்மென்டும் பார்த்தாக வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்று ஒரு தனிப் பகை. தண்டின் குரோமியப் பூச்சு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும்வரைதான் ரப்பர் சீல் ஒயிலைக் காக்கும். உப்பு அரித்துச் சிறு குழி விழுந்தால், அந்தக் குழியின் விளிம்பு சீலைக் கிழித்துவிடும். தண்டை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

சொக் ஒரே நாளில் சாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஓட்டுகிறவரின் உடம்பும் அதற்குப் பழகிவிடும். நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். அதனால் குழாயில் ஒயில் வழிந்திருக்கிறதா, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் பழைய கார்களே நெடுங்காலம் ஓடின. அவற்றுக்கு வேறு வண்டியில் கழற்றிய சொக்கைப் பூட்டி மிச்சம் பிடிக்காதீர்கள். அதன் உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றுவதை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங் கை தவறினால் எலும்பை முறிக்கும். அதற்கான கருவியுள்ள கராஜுக்குப் போங்கள்.