'பிசியோதெரபி' என்று சீட்டு கொடுத்தாச்சா? டாக்டரிடம் இந்த 5 கேள்வியை கேளுங்க!

சென்னை:

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கு முழங்கை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தாச்சு. தையல் பிரித்த அன்று, டாக்டர் ஓ.பி. சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கிறார். பல ஆஸ்பத்திரிகளில் நடப்பது இதுதான்.

அந்த சீட்டை கையில் வாங்கும் பிசியோதெரபிஸ்டுக்கு எந்த எலும்பு, என்ன ஆபரேஷன், எவ்வளவு தூரம் மடக்கலாம் என்று எதுவும் தெரியாது. அவசரப்பட்டு வேகமாக மடக்கினால் எலும்பு விலகிப் போகலாம். பயந்துபோய் அப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போகும். இரண்டிலும் நஷ்டம் தொழிலாளிக்குத்தான். கை மடங்கினால்தான் மூட்டை தூக்க முடியும். மூட்டை தூக்கினால்தான் கூலி.

சீட்டில் என்ன இருக்கணும்?

அனுப்பும் டாக்டர் 5 வரி கூடுதலாக எழுதினால் போதும். எழுதவில்லை என்றால் நோயாளியே தயங்காமல் கேட்கலாம்.

1. எனக்கு என்ன நோய்? ஆபரேஷன் நடந்த தேதி என்ன?

2. காலை ஊன்றலாமா? எடை தூக்கலாமா? எப்போதிலிருந்து?

3. எந்த அசைவை செய்யவே கூடாது?

4. சுகர், பிரஷர், இருதய நோய், பேஸ்மேக்கர், உடம்பில் வைத்த பிளேட் பற்றி சீட்டில் எழுதியாச்சா?

5. மறுபடி எப்போது வந்து காட்டணும்?

நான்காவது கேள்வி ரொம்ப முக்கியம். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு சில மின்சார சிகிச்சைகள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சுகரால் கால் மரத்துப்போனவருக்கு சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலே கால் பொத்துப் புண்ணாகிவிடும்.

கரண்ட் மட்டும் சிகிச்சை இல்லை

"அங்க போனா வயரை ஒட்டி கரண்ட் வைப்பாங்க, பத்து நாள் போனா சரியாயிடும்" என்பதுதான் பலருடைய நினைப்பு. கரண்ட் வைப்பதும் ஒத்தடமும் வலியை கொஞ்ச நேரத்துக்கு குறைக்கும். ஆனால் இறுகிய மூட்டை இளக்குவதும், இளைத்த தசைக்கு பலம் கொடுப்பதும் உடற்பயிற்சிதான். வாரத்தில் 3 நாள் சென்டருக்கு போய்விட்டு வீட்டில் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் பலன் குறைவுதான். அதனால் வீட்டில் எந்த பயிற்சியை, தினமும் எத்தனை முறை செய்யணும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியின்போது லேசாக வலிப்பது சகஜம். ஆனால் மறுநாளும் வலி குறையாமல், மூட்டும் வீங்கியிருந்தால் பயிற்சி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராமல், பிசியோதெரபிஸ்டிடம் சொன்னால் குறைத்துக் கொடுப்பார்.

சுகர் உள்ளவர்களுக்கு தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். இது சரியாக பல மாதம் ஆகும். நாலு நாளில் குணமாகவில்லையே என்று பாதியில் விட்டுவிடக் கூடாது.

எண்ணெய் போட்டு உருவாதீங்க

முழங்கையில் அடிபட்டதும் எண்ணெய் போட்டு உருவுவது நம் ஊர் பழக்கம். இப்படி உருவினால் மூட்டை சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளர்ந்து, கை நிரந்தரமாக மடங்காமல் போகக்கூடும். மாவுக்கட்டு போட்டிருக்கும்போதும், கட்டுக்கு வெளியே உள்ள விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கணும். விரல் நீலமாக மாறினாலோ, மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்கள்தான் பொன்னான நேரம். நாள் தள்ளிப்போடாமல், டாக்டர் சரி என்றதும் பயிற்சியை தொடங்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் அவரை தூக்கி உட்கார வைக்கும்போது, விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்பட்டை இறங்கிவிடும்.

இதற்கு பிசியோதெரபி வேண்டாம்!

இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு போங்க. ஆபரேஷனுக்கு பிறகு ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தால், ரத்தம் உறைந்திருக்கலாம். அதை அமுக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. டாக்டரிடம் காட்டிய பிறகுதான் பயிற்சி.

வீட்டுக்கே வருவார்கள்

படுத்த படுக்கையாக இருப்பவரை ஆட்டோவில் வைத்து அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் சேவையும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

போகும்போது ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் எழுத மறந்ததை அந்தப் பை சொல்லிவிடும்.