‘எனக்கு கேன்சர்’ என்றார்... அரங்கம் சிரித்தது!

வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேடைக்கு வந்த காமெடி நடிகை, ‘வணக்கம்... எனக்கு கேன்சர்!’ என்று ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்களா, அழுவீர்களா, பக்கத்து சீட்காரர் முகத்தைப் பார்ப்பீர்களா?

2012 ஆகஸ்ட் 3-ம் தேதி இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ‘லார்கோ’ அரங்கில் இருந்தவர்களுக்கு இந்த தர்மசங்கடம்தான். மேடையில் நின்றவர் டிக் நோட்டாரோ. வயது அப்போது 41. தனியாக மைக் பிடித்து ஜோக் சொல்லும் ‘ஸ்டாண்ட்-அப்’ காமெடி அவர் தொழில். அதுவரை சொந்தக் கதையை அதிகம் பேசாதவர். முகத்தில் சிரிப்பே காட்டாமல் எதையாவது அசட்டுத்தனமாகச் சொல்லி அடுத்தவரைச் சிரிக்க வைப்பதுதான் அவர் பாணி. இரண்டு மார்பகங்களிலும் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

கேன்சர் மட்டுமா? அந்த நாலைந்து மாதங்களில் முதலில் நிமோனியா. அதன் பின்னாலேயே ‘சி.டிஃப்’ என்ற கிருமியால் குடலில் கடுமையான தொற்று. (ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்கும்போது, இந்தப் பொல்லாத கிருமி பெருகி வயிற்றுப்போக்கை உண்டாக்குவது உண்டு. டாக்டரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் ‘ஆன்டிபயாடிக் ரெண்டு குடுங்க’ என்று வாங்கி விழுங்குகிறவர்கள் இதை இன்னொரு தரம் படிக்கவும்!) ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சில நாட்களில், அம்மா கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். அடுத்து, காதல் முறிந்தது. கடைசியாக கேன்சர்.

இத்தனையையும் மேடையில் சொன்னார். இறந்துபோன அம்மாவின் பெயருக்கே ஆஸ்பத்திரியிலிருந்து ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ என்று கேள்வித்தாள் வந்ததையும் சொன்னார். ‘தாங்குகிற அளவுக்குத்தான் கடவுள் கஷ்டம் கொடுப்பார்’ என்று நம் ஊரிலும் சொல்வோமே... அதையும் விட்டுவைக்கவில்லை. ‘இவள் இன்னும் கொஞ்சம் தாங்குவாள்’ என்று மேலே உட்கார்ந்து கடவுள் கணக்குப் போடுவதாகக் கிண்டலடித்தார்.

ஒலிப்பதிவைக் கேட்டால் உங்களுக்கே புரியும். முதலில் சிரிப்பு, அப்புறம் திகைப்பு. ‘ஐயோ’ என்று யாரோ பெருமூச்சு விடுகிறார். அவரைப் பார்த்து, ‘பரவாயில்லை, ஒண்ணும் ஆகாது’ என்கிற மாதிரி டிக் சமாதானம் சொல்கிறார். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது, பாருங்கள்! நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்த அத்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழ, ‘அழாதீங்க அத்தை, எனக்கு ஒண்ணுமில்லை’ என்று நோயாளி தேற்றுவார். படுத்திருப்பவருக்கு நோய் போதாதென்று, வந்தவரின் பயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

லார்கோவில் ஒரு கட்டத்தில் டிக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதை நிறுத்திவிட்டு வழக்கமான ஜோக்குகளுக்குப் போய்விடட்டுமா என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஒரு ஆண் குரல், ‘வேண்டாம்! இதுதான் பிரமாதம்!’ என்று கத்தியது. கைதட்டல் எழுந்தது.

என்னைக் கேட்டால், அன்று அவருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அந்தக் குரல்தான். ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டவில்லை, பேச்சை மாற்றவில்லை, ‘தைரியமா இரும்மா’ என்று உபதேசிக்கவில்லை. ‘சொல்லுங்க, கேட்கிறோம்’ என்றது. அவ்வளவுதான்.

அதற்காக, அடுத்த தெருவில் உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குப் போய் நீங்கள் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்! சிரிப்பை ஆரம்பிக்கும் உரிமை நோயாளிக்குத்தான். எல்லோருக்கும் பேசப் பிடிக்காது. ‘இதைப் பத்திப் பேசலாமா, வேற ஏதாவது பேசலாமா?’ என்று கேட்டுவிடுவது உத்தமம். டி.வி. சீரியல் பேச ஆசைப்பட்டால் சீரியலே பேசுங்கள்.

இன்னொன்று: சிரித்ததால் டிக்குக்கு கேன்சர் போய்விடவில்லை. ஆபரேஷன் செய்து இரண்டு மார்பகங்களையும் எடுத்தார்கள். மார்பில் கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு என்று எது தெரிந்தாலும், வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் மேமோகிராம் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஒலிப்பதிவு 2012 அக்டோபரில் வெளியானது. ‘உயிரோடு இரு’ என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையையே அதற்குத் தலைப்பாக வைத்தார் டிக். 2014-ம் வருட கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

மார்பகங்களுக்குப் பதிலாக செயற்கையாக எதையும் டிக் வைத்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பரில் நியூயார்க்கின் ‘டவுன் ஹால்’ அரங்கில், நிகழ்ச்சியின் நடுவே சட்டையைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் தழும்புகளோடு நின்றார். அதைப் பற்றி அழுது வசனம் எதுவும் பேசவில்லை. அப்படியே நின்றுகொண்டு சர்வ சாதாரணமான ஜோக்குகளைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் தழும்பை மறந்துவிட்டு ஜோக்குக்குச் சிரிக்க ஆரம்பித்தது.