ரிவர்ஸ் விளக்கு எரியவில்லையா? மின்சுற்றைத் துப்பறிவோம்!

மாணவர்களே, செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் காய்கறிச் சந்தையிலும் பிக்அப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்பக்கம் உயரமானது. பின்கதவை ஒட்டி ஒரு சிறுவன் நின்றால், ஓட்டுநரின் கண்ணாடியில் அவன் தெரியாமல் போகலாம். வண்டி பின்னோக்கி வரப்போகிறது என்று அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் முதலில் சொல்வது வெள்ளை நிற ரிவர்ஸ் விளக்குதான். ஆகவே அது எரியாவிட்டால், “அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்” என்று விட்டுவிடக் கூடாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, நீங்கள் பள்ளியில் படித்த மின்சுற்றுப் பாடமே போதும்.

மின்சாரம் போகும் வழி

12 வோல்ட் பேட்டரியில் புறப்படும் மின்னோட்டம் சாவி விசை, ஃபியூஸ், கியர்பெட்டியில் உள்ள ரிவர்ஸ் விசை ஆகியவற்றைக் கடந்து, வண்டியின் அடியில் நீளும் மின்கம்பி வழியாகப் பின்விளக்கை அடைகிறது. திரும்பி வரும்போது வண்டியின் இரும்புச் சட்டமே மின்கம்பியாகிறது. சட்டம் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘எர்த்’ என்பார்கள். இந்த வழியில் ஓரிடம் அறுந்தாலும் விளக்கு எரியாது.

ஒன்றா, இரண்டா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, இரண்டுமே எரியவில்லையா?

இரண்டு மின்குமிழ்களும் இணைக்கரை மின்சுற்றில் உள்ளன. ஒன்று எரிந்தால், பொதுவான வழி நன்றாக இருக்கிறது என்று பொருள். அணைந்திருக்கும் பக்கத்தில் மின்குமிழையும் அதன் சாக்கெட்டையும் பார்த்தால் போதும். இரண்டுமே எரியாவிட்டால், இரண்டு மின்குமிழ்களும் ஒரே நாளில் பழுதாவது அரிது. பொதுவான பகுதிகளான ஃபியூஸ், ரிவர்ஸ் விசை, மின்கம்பி, எர்த் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

ஃபியூஸ் சொல்லும் செய்தி

சாதாரண ரிவர்ஸ் மின்குமிழ் ஒன்றின் திறன் 21 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 3.5 ஆம்பியர். இதற்கு 10 ஆம்பியர் ஃபியூஸே தாராளம். அது எரிந்து போயிருந்தால், அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடியிருக்கிறது. புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால், மின்கம்பியின் உறை தேய்ந்து உள்ளிருக்கும் செம்பு சட்டத்தில் உரசுகிறதா என்று தேட வேண்டும்.

சிலர் 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் செருகுவார்கள். இது ஆபத்து. மின்கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் 3 மடங்கானால் வெப்பம் 9 மடங்கு! ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே மின்கம்பி தீப்பற்றலாம்.

கியர்பெட்டியில் ஒரு விசை

மேனுவல் வண்டியில், ரிவர்ஸ் கியர் போட்டதும் உள்ளே நகரும் பாகம் ஒரு சிறு விசையை அழுத்தும். அழுத்தியதும் மின்சுற்று முழுமையாகும். இந்த விசை பழையதாகித் தேய்வது அடிக்கடி நடப்பதுதான். மெக்கானிக் அதன் இணைப்பைக் கழற்றி, இரண்டு மின்கம்பி முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்ப்பார். விளக்கு எரிந்தால் விசைதான் குற்றவாளி. ஓட்டோ கியர் வண்டியில், கியர் எந்த நிலையில் உள்ளது என்பதை அறியும் விசையே இந்த வேலையையும் செய்கிறது.

ஏமாற்றும் 12 வோல்ட்

ஃபியூஸ் நல்லது. விசையும் நல்லது. மின்குமிழைக் கழற்றிவிட்டுச் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. புது மின்குமிழைப் போட்டாலும் எரியவில்லை! எப்படி?

தோட்டத்துச் சேறும் மழைநீரும் எர்த் இணைப்பைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துரு 20 ஓம் மின்தடை தருவதாக வைத்துக் கொள்வோம். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. அதனால் துருவில் மின்னழுத்தம் ஏறக்குறைய இழக்கப்படுவதில்லை. மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும்.

மின்குமிழுக்கோ 1.75 ஆம்பியர் தேவை. 12 வோல்ட்டை 20 ஓமால் வகுத்துப் பாருங்கள்: 0.6 ஆம்பியர்தான். துரு அதற்கு மேல் விடாது. மின்னழுத்தத்தில் பெரும்பகுதி துருவிலேயே செலவாகிவிட, மின்குமிழின் இழை ஒளிரும் அளவுக்குச் சூடாவதில்லை.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மின்குமிழைப் போட்டு, ரிவர்ஸ் கியரில் வைத்து, சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். நல்ல எர்த் என்றால் மீட்டர் சுழியத்தை ஒட்டியே காட்டும். பல வோல்ட் காட்டினால் இணைப்பைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்கினால் விளக்கு எரியும்.

செய்து பாருங்கள்

இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களைத் தொடராக வைத்து, ஒரு சிறிய டார்ச் மின்குமிழை எரிய விடுங்கள். பிறகு, இரு முனையும் சீவிய பென்சிலின் கரிமுனையைச் சுற்றில் தொடராகச் சேருங்கள். ஒளி மங்கும், அல்லது அணைந்தே போகும். அந்தப் பென்சில்தான் உங்கள் ‘துருப்பிடித்த எர்த்’.

வீட்டு வண்டியைச் சோதிக்க நினைத்தால், பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் ஓடும்போது வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. இன்று மாலை ஒரு வேலை: வண்டி நிற்கும்போது அப்பாவையோ அக்காவையோ இப்படி ரிவர்ஸ் போடச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு வெள்ளை விளக்குகளும் எரிகின்றனவா?