எழுபது வீதம் என்றால் எதில் எழுபது?

சாம்பல்தீவில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு நாடு முழுவதும் இருந்த கூரை மின் உற்பத்தியாளர்களை இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பக்கத்து வீட்டு அண்ணர் வேலிக்கு மேலால் கேட்டார்: "2030இல எழுபது வீதம் வேணும் எண்டு சொல்லுறாங்கள். பிறகேன் இருக்கிறதை நிப்பாட்டச் சொல்லுறாங்கள்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல, அந்த எழுபது எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

2021 யூலையில் ஐக்கிய நாடுகள் காலநிலை அமைப்பிடம் இலங்கை கையளித்த ஆவணத்தில், 2030ஆம் ஆண்டளவில் மின்னுற்பத்தியில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும் என்று உறுதியளிக்கப்பட்டது. கவனியுங்கள், மின்னுற்பத்தியில் மட்டும். எங்கள் கடற்கரையில் படகு இயந்திரங்கள் குடிக்கும் மண்ணெண்ணெயும், வீதியில் ஓடும் பேருந்தின் டீசலும், அடுப்பில் எரியும் விறகும் இந்தக் கணக்கில் இல்லை. நாட்டின் மொத்தச் சக்தியில் எழுபது வீதம் என்று இதை மாற்றி எழுதுபவர்கள் பத்திரிகைகளிலும் உண்டு. அது வேறு கதை.

அடுத்தது, உற்பத்தி என்பது மெகாவாட் அல்ல. மெகாவாட் என்பது ஒரு நிலையம் அதிகபட்சம் எவ்வளவு வலுவைத் தரலாம் என்ற அளவு. நாள்முழுக்க உண்மையில் எத்தனை அலகு தந்தது என்பதே வீதக் கணக்குக்குள் போகும். 120 மெகாவாட் நிலையமொன்று 24 மணிநேரமும் முழுவலுவில் ஓடினால் 28.8 இலட்சம் அலகு கிடைக்கும். சூரிய நிலையத்துக்கு இரவு உண்டு, முகில் உண்டு. முழுவலுவில் நான்கு மணிநேரம் ஓடியதற்குச் சமமான உற்பத்தி கிடைத்தால் அது நல்ல நாள். அப்படியானால் 4.8 இலட்சம் அலகுதான். மேடையில் மெகாவாட்டைக் கூட்டிச் சொல்வது இலகு. அலகில் சொன்னால் கைதட்டல் குறையும்.

மூன்றாவது மழை. மகாவலி, களனி நீர்த்தேக்கங்களின் மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க கணக்கிலேயே சேர்கிறது. அதனால் வறண்ட ஆண்டொன்றில் இந்த வீதம் மூன்றிலொன்றளவுக்கு இறங்கியிருக்கிறது. மழை நிறைந்த ஆண்டில் பாதியை எட்டியதும் உண்டு. ஒரு நல்ல மாரியை வைத்துக்கொண்டு கொள்கை வென்றுவிட்டது என்று சொல்லக்கூடாது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி அண்ணரின் கேள்வி. விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டு. மின்தேவை குறைந்துவிடும், ஆனால் வெயில் குறையாது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் அணைத்து ஏற்ற முடியாது. உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமப்படாவிட்டால் முழு வலையமைப்பும் விழும். அதே ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருளானது நினைவிருக்கும். குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். தேவை குறைந்த பகலில் வலையமைப்பு அவ்வளவு பலவீனமாக நின்றது என்பதைப் பேசியவர்கள் குறைவு. மாலை 6.30இலிருந்து 10.30 வரையான உச்சத் தேவைக்கு நண்பகல் வெயில் உதவாது, சேமிக்க மின்கலம் இருந்தாலன்றி. நிறுத்திவைத்த தகடு தந்திருக்கக்கூடிய அலகுகளும் எழுபதில் சேரா.

ஆனால் எந்த அளவுகோலிலும் ஏறாத ஒன்று இந்த மாவட்டத்தில் இருக்கிறது. காணி.

குடாவுக்குத் தெற்கே சம்பூர். 2006இல் எறிகணைகளுக்கு நடுவே மக்கள் வெளியேறினார்கள். 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமானது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் அவர்கள் காத்திருந்த காலத்திலேயே, இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்தை அங்கே திட்டமிட்டன. 2015இலும் 2016இலும் மக்கள் கட்டம் கட்டமாகத் திரும்பினார்கள். 2016 செப்டெம்பரில் அந்த நிலையம் அமைக்கப்படாது என்று அரசு உயர் நீதிமன்றில் அறிவித்தது. சம்பூரில் அதை வெற்றியாகவே பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

2022 மார்ச்சில் அதே இரு தரப்பும் சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு ஒப்பந்தம் செய்தன. 2025 ஏப்ரல் 5இல் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தே காணொளி வழியாகப் பணிகளைத் தொடக்கிவைத்தார்கள். 120 மெகாவாட், மேலே நான் கணக்குப் பார்த்த அதே அளவு. புகையும் சாம்பலும் இல்லாத வெயில் நிலக்கரியைவிட எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூரைக்குக் காணி தேவையில்லை, நிலத்தில் பரப்பும் தகடுக்குத் தேவை. அதே 2025இல் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் பயிர்செய்த வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்துத் திருகோணமலையில் போராடினார்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் மெகாவாட் எழுதுகிறார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் போடலாம்: எத்தனை ஏக்கர், முன்பு அதில் யார் விதைத்தார்கள். இதை அண்ணரிடம் சொன்னபோது அவர் தன் கூரையைப் பார்த்தார். "என்ர நிரல்ல பூச்சியம் எண்டு போடு" என்றார்.