எஞ்சினுக்கும் மெத்தை வேண்டும்!

உங்கள் வீட்டு வாசலில் பழைய அம்பாஸிடரோ மாருதி 800-ஓ நிற்கிறதா? இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆகவே வண்டிக்கு வயதாகிவிட்டது. சிக்னலில் நிற்கையில் ஸீட்டெல்லாம் கிடுகிடுக்கிறதா? கிளம்பும்போது 'டொக்' என்று இடிக்கிறதா? "எஞ்சினே போச்சு!" என்று வீட்டுக்காரர் தலையில் கை வைக்குமுன் மவுண்டிங்கைப் பாருங்கள்.

இரும்புத் தகடுகளுக்கிடையே ஒட்டிய ரப்பர்தான் மவுண்டிங். எஞ்சினின் உதறல் நம்மிடம் வராமல் தாங்கும் மெத்தை! நாளாக நாளாகச் சூட்டில் இறுகி வெடித்துவிடும். எண்ணெய் சொட்டினாலோ இன்னும் சீக்கிரம். ஒழுகலை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவது வீண் செலவு.

வீட்டிலேயே மாற்றலாமா? ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள் மாற்றலாம். அது புருஷர்களின் தனிச் சொத்து அல்லவே! எஞ்சின் ஆறட்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரி வயரைக் கழற்றுங்கள். ஆயில் ஸம்பில் ஜாக்கை நேராக வைத்தால் தகடு நசுங்கும். நடுவில் அகலமான மரப்பலகை வேண்டும். மவுண்டிங்கின் மேலுள்ள பாரம் விலகுமளவு தூக்கினால் போதும். அதிகமானால் ரேடியேட்டர் குழாய் இழுபடும். ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். போல்ட்டுகளை முதலில் விரலால் திருகிவிட்டு, எஞ்சின் புது மெத்தையில் உட்கார்ந்தபின் இறுக்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் கூடாது. ஜாக் சறுக்கினால் வண்டியின் பாரம் முழுவதும் அடியிலிருப்பவர் மார்பில்தான் இறங்கும். கணவரோ பிள்ளையோ வெறும் ஜாக்கை நம்பி உள்ளே நுழையப் பார்த்தால், ஸ்பானர்களைச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இரும்பு ஸ்டாண்டுகள் வந்து, வண்டி அவற்றின்மேல் அசையாமல் நின்ற பிறகு கொடுத்தால் போதும்.